பதினொன்றுக்குப் பொய்யாகும் தேற்றம்

பிப்ரவரி 19, திங்கள்

என் முனைவர் பட்ட வைவா தேதி வந்துவிட்டது! மார்ச் 15, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி, எங்கள் கல்லூரிக் கணிதத் துறைக் கருத்தரங்கக் கூடம். நல்ல சேதி வந்தால்தான் முதல் பக்கம் எழுதுவது என்று மூன்று மாதமாக இந்த நோட்டை வெறுமனே வைத்திருந்தேன். இன்றைக்குத் திறந்துவிட்டேன்.

ஒன்பது வருடம். பகல் முழுக்கப் பாடம், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. என் வேலைக்குப் பெயர் கௌரவ விரிவுரையாளர், பெயரில்தான் கௌரவம். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இந்த ஜூனோடு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கான கால நீட்டிப்பும் முடிந்துபோயிற்று, இனி கேட்டாலும் தரமாட்டார்கள். அதனால் ஒன்றும் பதற்றம் இல்லை. பட்டம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை வைவா சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்கள் அறிக்கையும் வந்திருக்கிறது. இருவருமே ‘பாராட்டத்தக்கது’ என்கிறார்கள். ஒருவர் ஐந்து வரி எழுதியிருக்கிறார், இன்னொருவர் மூன்று. ஒன்பது வருடத்துக்கு எட்டு வரி.

பத்து நாள் கழித்து இன்று தண்ணீர் வந்தது. குடம், டிரம், அண்டா எல்லாம் நிரப்பிவிட்டு ஓடுவதற்குள் கல்லூரியில் முதல் மணி அடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 21, புதன்

என் நெறியாளர் குலசேகரன் சார் கூப்பிட்டார். அவருடைய கணிதம் வேறு, வகைக்கெழுச் சமன்பாடுகள். அவரிடம் ஓர் இடம் காலியாக இருந்தது, எனக்கு ஒரு நெறியாளர் தேவைப்பட்டார், அப்படித்தான் சேர்ந்தேன். நல்ல மனிதர். ஒரு கையெழுத்துக்கு ஒருநாளும் அலையவிட்டதில்லை.

“கேள்விச் சீட்டெல்லாம் ரெடி பண்ணிட்டீங்களாம்மா?”

வெளியாட்களுக்கு இது புரியாது. வைவா என்பது எல்லோர் முன்னாலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். பார்வையாளர் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் அறிக்கையோடு இணைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. யாருமே கேட்காவிட்டால்? அதனால் நாங்களே ஆறு கேள்வி தயார் செய்து, ஆறு சீட்டில் எழுதி, ஆறு பேரிடம் கொடுத்துவிடுவோம். பதிலும் முன்கூட்டியே டைப் ஆகியிருக்கும். அவர்கள் அப்போதுதான் மனதில் உதித்ததுபோல எழுந்து கேட்பார்கள். நாங்களும் கொஞ்சம் யோசிப்பதுபோல யோசித்துப் பதில் சொல்வோம்.

இதில் கைதேர்ந்தவள் இயற்பியல் துறை ஜெயசீலி. இதுவரை இருபத்து மூன்று வைவாவில் கேட்டிருக்கிறாள். புருவத்தைச் சுருக்கி, “எனக்கொரு சின்ன சந்தேகம்” என்று அவள் ஆரம்பித்தால் தேர்வாளரே நிமிர்ந்து உட்காருவார். என் வைவாவிலும் கடைசிக் கேள்வி அவளுக்குத்தான்: ‘இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?’

பிப்ரவரி 24, சனி

முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டுமாம். கல்லூரி முதல்வர் வருகிறார், அவர் விலங்கியல். சரி, ஊர், சாலை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேயே ஒத்திகை பார்க்கிறேன்.

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுத்து வரும் மீதிகளை மட்டுமே எண்களாக வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் குட்டி உலகத்துக்கு முடிவுறு களம் என்று பெயர். அங்கேயும் அதைச் சற்று நீட்டிய உலகத்திலும் எலிப்டிக் வளைவரைகள் இருக்கின்றன. பெயர்தான் அப்படி, நீள்வட்டத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இவற்றில் ‘சூப்பர்சிங்குலர்’ என்று ஓர் அபூர்வ இனம். 37 என்ற பகா எண்ணுக்கு மொத்தமே மூன்று. 11-க்கு இரண்டே இரண்டு.

ஒவ்வொன்றையும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் மூன்று சாலை கிளம்பும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எத்தனை விதமாகப் போகலாம் என்பதை வரிசையாகக் கோத்து வைத்திருக்கும் தொடருக்குத் தீட்டா சார்பு என்று பெயர். என் தேற்றம் 4.2 சொல்வது இது: எந்த ஊரில் கிளம்பினாலும், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டே இருந்தால், இத்தனை அடிக்குப் பிறகு எந்த ஊரில் இருப்பதற்கும் வாய்ப்பு சமம். ‘இத்தனை அடி’ எத்தனை என்பதைத் தீட்டா சார்பிலிருந்து கறந்ததுதான் என் வேலை. எல்லாப் பகா எண்களுக்கும் பொருந்தும்.

இத்தனை வருடமும் 37, 61, 73, 97 என்றே போட்டுப் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குச் சின்னதாக இருக்கட்டும் என்று 11-ஐ எடுத்தேன். இரண்டு ஊர்தானே. எங்கள் பக்கத்துப் பெயரே வைத்துவிட்டேன்: நத்தம், பழநி. நத்தத்தில் கிளம்பும் மூன்று சாலையும் பழநிக்குப் போகும். பழநியில் கிளம்பும் மூன்றில் இரண்டு நத்தத்துக்கு. ஒன்று கிரிவலம் மாதிரி சுற்றிவிட்டு அங்கேயே வந்து சேரும். படம் அழகாக வந்திருக்கிறது.

சின்ன வெங்காயம் உரித்து வைத்தேன். கண்ணெல்லாம் எரிச்சல்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மேடையில் காட்ட ஒரு விளையாட்டு. பகடையை உருட்ட வேண்டியது. நத்தத்தில் இருந்தால் என்ன விழுந்தாலும் பழநிக்குப் போக வேண்டும். பழநியில் இருந்தால் ஒன்றிலிருந்து நான்கு வரை விழுந்தால் நத்தம். ஐந்தோ ஆறோ விழுந்தால் பழநியிலேயே நிற்க வேண்டும். நூறு தடவை. இரண்டு ஊருக்கும் ஐம்பது ஐம்பது வந்தால் முதல்வருக்கும் புரிந்துவிடும்.

இவரை உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரர் தவசிலிங்கம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று எழுதுவது வேலை. அவருடைய நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. கடலையைக் கொறித்துக்கொண்டே உருட்டினார்.

“நத்தம் நாப்பத்தொண்ணு. பழநி அம்பத்தொம்பது.”

“ஒழுங்கா எழுதுனீங்களா? கிரிக்கெட்டப் பாத்துக்கிட்டே போட்டா இப்படித்தான்.”

“மங்கை, இருபத்தாறு வருசமா எழுதுறேன். என் என்ட்ரி தப்புன்னு டிப்போவே சொன்னதில்ல.”

இன்னொரு நூறு உருட்டச் சொன்னேன். 39, 61.

பகடைதான் கோணல். நாளைக்குப் புதுசு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 26, திங்கள்

புதுப் பகடை. இருநூறு தடவை. 81, 119. கடைக்காரனைத் திட்டினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பகடை கோணல் இல்லை.

பிப்ரவரி 28, புதன்

இன்று எழுதிவிடுகிறேன். நேற்று கை வரவில்லை.

போக மூன்று, வர இரண்டு. படத்தில் என் கையாலேயே அப்படித்தான் வரைந்தேன். பார்த்தேன், ஆனாலும் மண்டையில் ஏறவில்லை. பகடையைச் சந்தேகப்பட்டேன், கட்டிய கணவரைச் சந்தேகப்பட்டேன், தேற்றத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. இப்படி ஒரு மடத்தனம் கணக்கு படித்தவளுக்குத்தான் வரும்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வளைவரையையும் அதன்மேலேயே பொருத்த எத்தனை விதம் உண்டோ அத்தனை சமச்சீர்கள் என்கிறோம். சாதாரணமாக இரண்டு. 37-இல், 61-இல், 73-இல், 97-இல் எல்லா ஊருக்கும் இரண்டுதான். ஆனால் சில பகா எண்களில் ஒன்றிரண்டு ஊர்கள் அடங்காதவை. 11-இல் இரண்டுமே அப்படி: நத்தத்துக்கு ஆறு, பழநிக்கு நான்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் தீட்டா சார்பு தருகிற எண் 12. நத்தத்திலிருந்து கிளம்பும் சாலை வேண்டுமென்றால் அதைப் பழநியின் நான்கால் வகுக்க வேண்டும், மூன்று வரும். திரும்பி வருவதற்கு நத்தத்தின் ஆறால் வகுக்க வேண்டும், இரண்டு வரும். நான் எல்லா இடத்திலும் இரண்டால் வகுத்திருக்கிறேன். மூன்றே சாலை உள்ள ஊரில் ஆறு சாலை!

உண்மை ஐந்தில் இரண்டு, ஐந்தில் மூன்று. என் தேற்றம் பாதிக்குப் பாதி என்கிறது. பகா எண்ணை 12-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் மட்டும் நான் சொன்னது சரி. ஒரே ஊர் உள்ள குட்டி எண்களை விட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் பொய்.

‘மீதி 1 எனக் கொள்க’ என்று இரண்டாம் இயலில் ஒரு வரி இருக்கிறது. நான்காம் இயலில் இல்லை. டிடிபி கடையில் அடிக்கும்போது விட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அவசரம் எப்போதும்.

மார்ச் 1, வெள்ளி

இரண்டு தேர்வாளரும் படித்துப் பாராட்டியிருக்கிறார்கள். யாரும் 11-ஐப் போட்டுப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை, கோபம்தான் வருகிறது. எட்டு வரி எழுதினார்களே, எதைப் பார்த்து எழுதினார்கள்?

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றிச் சமாளித்தேன்.

மார்ச் 2, சனி

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்கும் எனக்கும்தான் சார்.”

“அப்ப இதோட விட்டுருங்க. பிழைன்னு பதிவாச்சுன்னா ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவாங்க. திரும்பச் சமர்ப்பிக்க உங்களுக்கு டைம் இல்ல. பதிவே ரத்தாயிரும். பட்டத்த வாங்கிட்டு அப்புறம் ஒரு கட்டுரையில திருத்திக்கங்க, யாரு வேணாம்ங்கிறா?”

“புறத்தேர்வாளர் மேடத்துக்கு ஒரு வார்த்தை…”

“வைவாவுக்கு முன்னாடி தேர்வாளர்கிட்டப் பேசக் கூடாது. அதுவும் விதிதான். பிபிடி ஸ்லைடுல ஓர் எழுத்து மாத்தக் கூடாது, சொல்லிட்டேன். அந்தப் பதினொண்ணையும் தூக்கிருங்க. முப்பத்தேழே இருக்கட்டும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் யோசித்துப் பார்த்தால், ‘எல்லாப் பகா எண்களுக்கும்னு இருந்தா கெத்தா இருக்கும்’ என்று முன்பு ஒருநாள் சொன்னதே அவர்தான். அதனால்தான் அந்த வரி போயிருக்க வேண்டும். டிடிபி பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை.

மார்ச் 4, திங்கள்

முதல் பருவ மதிப்பீட்டுத் தாள் நாற்பத்தெட்டு திருத்தினேன். ஒரு பெண் கடைசி வரியில் விடை வராமல், மேலே ஒரு படியை அழித்துவிட்டு விடையை எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் சுழித்து, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

டிடிபி பெண் விடவில்லை. சார் எடுக்கச் சொல்லவில்லை. அவர் சொன்னது பொதுவாக, வேறு யாரோ ஒருவருடைய தலைப்பைப் பற்றி.

அந்த வரியை அழித்தது நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், செப்டம்பரில், இதே மேசையில். ‘மீதி 1 எனக் கொள்க’ என்று இருந்தபோது தேற்றம் சின்னதாகத் தெரிந்தது. மற்ற பகா எண்களுக்கும் இதே மாதிரிதான் இருக்கும், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று அழித்தேன். அப்புறம் சரிபார்க்கவில்லை. பயமாக இருந்தது. அதனால்தான் 37, 61, 73, 97 என்று மீதி 1 வருகிற எண்களாகவே பார்த்துப் பார்த்துப் போட்டேன். தற்செயல் என்று என்னையே நம்ப வைத்திருந்தேன்.

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

மார்ச் 6, புதன்

அழுதுகொண்டிருந்தால் ஆகாது. திருத்த முடியுமா என்று பார்க்கலாம்.

சமம் என்பது பொய். அப்படியானால் எது உண்மை? ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எடை கொடுத்தேன்: சமச்சீர் எத்தனையோ, ஒன்றின்கீழ் அத்தனை. நத்தம் ஆறில் ஒன்று, பழநி நான்கில் ஒன்று. கூட்டினால் இருபத்து நான்கில் பத்து. பகா எண்ணில் ஒன்றைக் கழித்து 24-ஆல் வகுத்தால் வருவதும் அதே. இது முன்னோர்கள் போட்டு வைத்த வாய்பாடு, என்னுடையது இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க அழகு. 17-க்குப் போட்டேன், சரி. 19, சரி. 23-க்கு மூன்று ஊர்: ஆறில் ஒன்று, நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று. இருபத்து நான்கில் இருபத்திரண்டு. சரி!

எங்கே இருப்பதற்கும் வாய்ப்பு சமம் இல்லை, அந்தந்த ஊரின் எடைப்படி. இதுவரை சுலபம். ‘எத்தனை அடி போதும்’ என்பதுதான் சிக்கல். பழைய நிரூபணம் முழுக்கப் போகவரச் சமம் என்ற தூணின்மேல் நிற்கிறது. தூணே இல்லை.

மார்ச் 7, வியாழன்

வரவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். இவர் ஊறுகாயை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 9, சனி

வரவில்லை. ஆறு நாள் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

வந்துவிட்டது!

வந்துவிட்டது, வந்துவிட்டது! துணி காயப்போட மாடிக்குப் போனேன், பாதிக் கொடி காயப்போட்டிருந்தேன், அப்படியே வாளியை விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தேன். தூரத்தை அளக்கும் கோலை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்! எடையையும் சேர்த்து அளந்தால் போகவரச் சமம் திரும்பி வந்துவிடுகிறது. பழைய தூண் அப்படியே நிற்கிறது. மூன்றின் வர்க்கமூலம் ஒன்று மட்டும் கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிக்கொள்ளட்டும். அதுவும் ஆறை இரண்டால் வகுத்து வந்த மூன்றுதான், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும்.

பதினொரு பக்க நிரூபணம் நான்கு பக்கமாகிவிட்டது. எல்லாப் பகா எண்களுக்கும். மெய்யாகவே எல்லாப் பகா எண்களுக்கும்.

சமையலறையில் நின்று கத்தினேன். இவர் பயந்து ஓடிவந்து, “கேஸ் லீக்கா?” என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

திருத்தம் கையில் இருக்கிறது, சொல்ல இடம் இல்லை. நான்கு பக்கத்தைச் சாரிடம் நீட்டினேன். மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நல்லது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்” என்று சொல்லி இழுப்பறையில் வைத்துவிட்டார்.

நானே மேடையில் எழுந்து சொல்லலாம். சொல்வேனா? என்னை எனக்குத் தெரியும். முதல் வரிசையில் சாரின் முகத்தைப் பார்த்தவுடன் 37-ஐச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். கேள்வியாக வந்தால் தப்பிக்க முடியாது. பார்வையாளர் கேள்வி அறிக்கையில் ஏறியே ஆக வேண்டும், பதிலோடு.

சமுதாயப் பயனை எடுத்துவிட்டு வேறு சீட்டு எழுதினேன்.

மார்ச் 14, வியாழன்

ஜெயசீலியிடம் சீட்டைக் கொடுத்தேன். படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“ஏன்டி, இது கேள்வியா, போலீஸ் கம்ப்ளைன்ட்டா?”

விவரம் சொன்னேன். அந்த வரியை யார் அழித்தது என்பதையும் சொன்னேன். பதிவு ரத்தாகலாம் என்பதையும்.

“இருபத்து மூணு வைவா, ஒருத்தருக்கும் நான் கெடுதல் பண்ணதில்ல. ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போடச் சொல்றியா? நான் கேக்க மாட்டேன், போ.”

சீட்டைத் திருப்பித் தரவும் இல்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

புடவைக்கு இஸ்திரி போட்டேன். கேசரிக்கும் வடைக்கும் சொல்லியாயிற்று. பட்டம் வேண்டும். எனக்கு இந்தப் பட்டம் வேண்டும். முதல் பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன், எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு.

மார்ச் 16, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று காலை உட்கார்ந்துவிட்டேன். ஒன்றையும் விடக் கூடாது.

கூடம் நிறைந்திருந்தது. புறத்தேர்வாளர் பத்மாசனி மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், சின்ன உருவம், மடியில் என் ஆய்வேடு. ஐந்து வரி எழுதியவர் அவர்தான். என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு கடைசி வரிசையில், டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

பிபிடி நாற்பது நிமிடம் ஓடியது. 37 பளபளவென்று போய்விட்டு வந்தது. மேடம் தலையாட்டினார். ஐந்து பேர் ஐந்து சீட்டைக் கேட்டார்கள், ஐந்து பதில் சொன்னேன். கையில் பட்டியல் வைத்திருந்த குலசேகரன் சார் ஒவ்வொன்றாக டிக் அடித்தார்.

ஆறாவது கேள்வி பாக்கி. ஜெயசீலி இரண்டாம் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பை மூடியிருந்தது.

“வேறு கேள்வி இல்லையென்றால்…” என்று சார் எழுந்தார்.

அவளும் எழுந்தாள். புருவம் சுருங்கவில்லை, குரல் நடுங்கியது. இருபத்து மூன்று வைவாவில் கேட்காத குரல்.

“எனக்கொரு… சந்தேகம். ஆய்வேட்டில் எண்பத்து மூணாம் பக்கம், தேற்றம் 4.2, எல்லாப் பகா எண்களுக்கும் பொருந்தும்னு இருக்கு. 11-ஐப் போட்டுப் பாத்தா பொய்யாகுதே. ஏன்?”

சார் பட்டியலில் மேலும் கீழும் தேடினார். அந்தக் கேள்வி அதில் எங்கே இருக்கப்போகிறது? மேடம் விருட்டென்று எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.

“கேள்வி சரி” என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. “தேற்றம் தவறு. பகா எண்ணை 12-ஆல் வகுத்தா மீதி 1 வரணும்னு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வரியை அழித்தது நான்தான். டைப்பிங் பிழை இல்லை, நெறியாளர் சொல்லியும் இல்லை. இல்லாமலே உண்மையா இருக்கும்னு ஆசைப்பட்டேன்.”

மேடம் நிமிர்ந்தார். “அப்போ எது உண்மை?”

கரும்பலகைக்குப் போனேன். நத்தம், பழநி. போக மூன்று, வர இரண்டு. எடை, புதிய அளவுகோல், நான்கு பக்கத்தையும் பார்க்காமல் எழுதினேன். கடைசி வரியில் மூன்றின் வர்க்கமூலத்தை எழுதிவிட்டுத் திரும்பினேன்.

மேடம் எழுந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

“எல்லாப் பகா எண்ணுக்குமா?”

“எல்லாத்துக்கும் மேடம்.”

“இரண்டுக்கு?”

“ஒரே ஊர். இருபத்து நாலு சமச்சீர். எடை இருபத்து நாலில் ஒண்ணு. இரண்டில் ஒண்ணு போனா ஒண்ணு, வாய்பாடும் அதேதான்.”

“மூணுக்கு?”

“ஒரே ஊர். பன்னிரண்டு. இருபத்து நாலில் இரண்டு.”

“பதிமூணு?”

“ஒரே ஊர், சமச்சீர் இரண்டு. பாதி.”

“இந்த வர்க்கமூலம் மூணு எங்கேருந்து வந்தது?”

சொன்னேன். அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் மறித்தார், அதை நான் மறித்தேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. முதல்வர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தாராம், ஜெயசீலி சொன்னாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் கணக்கைப் படிக்கிறார்! பட்டம் போனாலும் போகட்டும் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். இந்தத் தடவை அது வாய்ப்பேச்சு இல்லை.

பிறகு தேர்வாளரும் நெறியாளரும் முடிவெடுக்க உள்ளறைக்குப் போனார்கள். வழக்கமாக ஐந்து நிமிடம். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வடை ஆறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் கதவு திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். இப்படி யாரையும் கூப்பிட்டதில்லை.

சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நெறியாளர்ங்கிற முறையில நான் படிச்சிருக்கணும்மா. கையெழுத்துதான் போட்டேன். மேடத்துகிட்டயும் அதைத்தான் சொன்னேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“நானும்தான் 37-ஐப் போட்டுப் பார்த்துட்டு ஐந்து வரி எழுதினேன்” என்றார் மேடம். “அதுக்கு வெட்கப்படறேன்.” அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். சின்னச் சின்ன எழுத்தில் ஒன்றரைப் பக்கம். கடைசி வரியை மட்டும் படித்தேன்: ‘தேற்றம் 4.2-இன் திருத்தம் தேர்வின்போதே நிறுவப்பட்டது. அது மூலத்தைவிட வலிமையானது. திருத்தத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்துப் பட்டம் வழங்க உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.’

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழ விடாமல் மேடம் கேட்டார்: “அது இருக்கட்டும். 59-க்கு ஆறு ஊர் வருமே, எந்த ஊர்லேருந்து கிளம்பினா அதிக அடி ஆகும்? உங்க கணக்குல இருக்கா?”

அந்த அறையில் ஒரு சின்னக் கரும்பலகை உண்டு. நான் ஆறு வட்டம் போட்டேன். அவர் ஒரு சாலையை அழித்து வேறிடத்தில் போட்டார். நான் அவர் போட்டதை அழித்தேன். சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்றாவது ஊரை முடித்திருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் படபடவென்று கைதட்டல். ஓயவே இல்லை. யாரோ விசில்கூட அடித்தார்கள், காக்கிச் சட்டையாகத்தான் இருக்கும்.

“யாருக்கு மேடம்?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத்தான் போல இருக்கு, டாக்டர் மங்கையர்க்கரசி” என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த நாலாவது ஊரைச் சொல்லுங்க.”